7,39,39,133-க்கு நான் சொன்ன மீதிகள்

என் அக்கா செய்த கணக்கில் பொய்யைக் கலந்தவன் நான். கலந்ததோடு நிற்கவில்லை. அந்தப் பொய்க்கு அவள் பழி ஏற்று நின்றபோது, பக்கத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்றேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. வயதைச் சொல்வது மன்னிப்புக்காக அல்ல. பதினொரு வயதில் எது பொய் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

காலையில் கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டு டீக்கடைப் பெஞ்சில் உட்காரும் நம் வயதுக்காரர்களுக்கு ஆளுக்கொரு சின்ன வயதுக் கதை இருக்கிறது. என் முறை வரும்போதெல்லாம் நான் சிரிப்புக் கதைகளையே சொல்லி ஒப்பேற்றியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை. இப்போது சொல்ல முடிகிறது.

எங்கள் கடை பழைய துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருந்தது. தோணிகளுக்கு வேண்டிய கயிறு, பாய்த்துணி, தோணிப் பலகையில் பூசும் கீல், ஆணி இவைதான் சரக்கு. முன்கட்டு கடை, பின்கட்டு வீடு. அதனால் வீட்டில் எதைத் தொட்டாலும் கீல் வாசம் அடிக்கும். தலையணையில் அடிக்கும், பள்ளிச் சட்டையில் அடிக்கும். அம்மா ஊற்றும் மோரில்கூட அடிப்பதாக அப்பாவிடம் குறைபட்டுக்கொள்வேன். "கீல் வாசம் இல்லேன்னா உனக்கு மோரே கெடையாதுல" என்பார் அவர்.

கயிற்றுக் கட்டுகள் தடித்த பழுப்புக் காகிதம் சுற்றி வரும். அந்தக் காகிதத்தை உருவி, சுருக்கம் நீவி, பாய்க்கு அடியில் அடுக்கி வைப்பாள் அக்கா. அவளுடைய கணக்கெல்லாம் அதில்தான். பள்ளியிறுதித் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த கோடை அது. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அந்த வருடம் முந்திக்கொண்டு வந்துவிட்டது. தெருவில் செம்மண் புழுதி ஓடும். காகிதம் பறக்காமலிருக்க நான்கு மூலைக்கும் கீல் கட்டிகளை வைத்துக்கொண்டு, தரையில் குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருப்பாள்.

அவளைப் பிடித்து ஆட்டிய எண் இதுதான்: 7,39,39,133. ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று.

கணக்கை மறந்துவிட்டவர்களுக்காக ஒரு வரி. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்ணைப் பகா எண் என்கிறோம். 7 பகா எண். அதன் வலப்பக்கத்தில் 3 போட்டால் 73, அதுவும் பகா எண். அடுத்து 9 போட்டால் 739. அதுவும் அப்படியே. 7393, 73939, 739391 என்று அக்கா ஒவ்வொரு இலக்கமாகச் சேர்த்துக்கொண்டே போயிருந்தாள். ஒவ்வொரு படியிலும் வகுத்து வகுத்துப் பார்த்திருந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பொழுது போகாமல் தொடங்கியது.

"இதுல என்னக்கா இருக்கு?" என்று கேட்டேன்.

"நண்டு தெரியும்லா? ஒரு கால ஒடிச்சா அது நண்டு இல்லாமப் போயிருமா?"

"இல்ல."

"ரெண்டாவது கால ஒடிச்சா?"

"நண்டுதான்."

"இதுவும் அப்படித்தாம்ல. கடைசி எண்ண ஒடிச்சிப் போடு, மிச்சம் நிக்கது பகா எண்ணு. அடுத்ததயும் ஒடி, அப்பவும் பகா எண்ணு. ஒத்த ஏழு நிக்க வரைக்கும் ஒடிச்சிக்கிட்டே போவலாம்."

"எதுக்கு ஒடிக்கணும்?"

"உனக்கு நண்டத் திங்கத்தான் தெரியும், போலே."

ஏழு இலக்கம் வரை அவள் தனியாகவே முடித்துவிட்டாள். எட்டாவது இலக்கமாக ஒரு 3 போட்டபோதுதான் வேலை மலைபோல் ஆனது. ஓர் எண் பகா எண்தானா என்று தெரிய வேண்டுமானால், அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். இந்த எண்ணுக்கு அது எட்டாயிரத்து அறுநூறை ஒட்டிப் போய் நிற்கிறது.

இங்கே அக்கா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். 739-ஐ ஏழால் வகுத்தால் மீதி 4. அப்படியானால் 7393-ஐப் புதிதாக வகுக்க வேண்டியதில்லை. அந்த 4-க்குப் பக்கத்தில் 3 போட்டு 43 ஆக்கி, அதை ஏழால் வகுத்தால் போதும், மீதி 1. பழைய மீதியே புது மீதியைத் தந்துவிடும். முன்பே வகுத்திருந்த சின்ன எண்களையெல்லாம் இந்த வழியில் இரண்டு நாளில் ஓட்டிவிட்டாள். மிச்சம் இருந்தவை பெரிய எண்கள், இரண்டாயிரத்து எழுநூறுக்கு மேற்பட்டவை. அவற்றைப் புதிதாக, நீள வகுத்தலாகத்தான் செய்ய வேண்டும்.

அதற்கு அவளுக்கு நேரம் இல்லை. ஆறுமுகநேரியிலிருந்து பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்து போயிருந்தது. மாப்பிள்ளைக்குச் சாகுபுரம் ஆலைக்குப் போகும் சாலையில் மளிகைக் கடை. அக்கா கல்லூரிக்குப் போக வேண்டும் என்றாள். அழவில்லை, சாப்பிடாமல் கிடக்கவில்லை. ஒரே சொல்லைத் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் அப்பா ஒரு வழிக்கு வந்தார்.

"கணக்கு சார் வந்து பாக்கட்டும். பிள்ளைக்கித் தலை இருக்குன்னு அவரு ஒரு வார்த்தை சொல்லட்டும். காலேஜுக்கு அனுப்புதேன். இல்லேன்னா தை மாசம் கல்யாணம். சரியா?"

"சரிப்பா" என்றாள். அவளுக்கு அது போதும். கையில் எண் இருந்ததே.

கணக்கு சார் பையன்கள் பள்ளியில் வேலை பார்த்தவர். அப்பாவின் சேக்காளி. கல்லூரியில் விண்ணப்பம் வாங்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சார் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் வகுத்து முடிக்க வேண்டும். அம்மாவோ நிமிடத்துக்கு ஒருதரம் "ஏளா, அடுப்பப் பாரு" என்பாள். அதனால்தான் என்னைச் சேர்த்துக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் எதையும் பங்கு வைக்க ஒரு முறை உண்டு. நான் கைக்குழந்தையாக இருந்தபோது முத்துக்குளிப்பு நடந்த வருடங்களில் அப்பா அங்கே தற்காலிகமாகக் கயிற்றுக்கடை போட்டிருந்தார். குளித்து வருபவர் தாம் எடுத்த சிப்பியைத் தாமே மூன்று குவியலாக வைக்க வேண்டும். சர்க்கார் ஆள் வந்து இரண்டைக் காட்டுவார். மிஞ்சிய ஒன்று குளித்தவருக்கு. எது மிஞ்சும் என்று தெரியாததால் மூன்றும் சமமாகவே இருக்கும். அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். வறுத்த சீலா மீனோ தர்பூசணியோ, பங்கு வைத்தவர் கடைசியில்தான் எடுக்க வேண்டும்.

அக்காவும் பகா எண்களை அப்படியே இரண்டு பங்காக வைத்தாள். ஐயாயிரத்து ஐந்நூறுக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று.

"நீ எடுத்துக்கிடுல."

பெரிய எண்ணால் வகுத்தால் ஈவு சின்னதாக வரும், சீக்கிரம் முடியும் என்று கணக்குப் போட்டு மேல் பங்கை எடுத்தேன். அவள் சிரித்தாள். "பொழைச்சிக்கிடுவே."

மரச்சட்டம் போட்ட சிலேட்டு எனக்கு. நான் வகுத்து மீதியை மட்டும் உரக்கச் சொல்ல வேண்டும். அவள் அடுக்களையிலிருந்தே கேட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து பழுப்புக் காகிதத்தில் எழுதுவாள். ஈவு எழுதுவதில்லை, இடம் பற்றாது. முதலில் ஒழுங்காகத்தான் செய்தேன். சிலேட்டுக் குச்சியின் கிரீச்சொலி, எச்சில் தொட்டு அழித்த ஈரம், நெற்றி வியர்வை சொட்டிச் சிதைந்த இலக்கங்கள். ஒன்றை முடித்தால் அடுத்தது நிற்கும். நண்டுக்குக் கால் ஒடிப்பதில் எனக்கென்ன கிடைக்கப்போகிறது?

அந்தக் கோடையில் ஊருக்குத் தெற்கே புதுத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். லாரி பின்பக்கமாகப் போய் வாயைத் தூக்கும். பாறைகள் உருண்டு விழும்போது தண்ணீர் தென்னை உயரம் எழும்பும். தெருப் பையன்கள் எல்லோரும் தினமும் அங்கே. திரும்பி வந்து கதை சொல்வார்கள். "கல்லுக்கு அடியில கெளுத்தி செத்து மெதக்குல!" நான் வாசலில் சிலேட்டோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் ஓர் எண்ணுக்கு வகுக்காமலே மீதி சொல்லிவிட்டேன். அக்கா எழுதிக்கொண்டாள். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்ததற்கும் சொன்னேன்.

பிறகு அதில் ஒரு திறமையே வந்துவிட்டது. மீதி, வகுக்கும் எண்ணைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். பூஜ்யம் வரக் கூடாது. இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டால் போதும். எண்களுக்கு எங்கே போவது? கரையில் கட்டியிருந்த தோணிகளின் பின்புறம் வெள்ளைப் பெயின்டில் எண்கள் எழுதியிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து சொன்னேன். இடையில் கொஞ்சம் நிறுத்தி, குச்சியைச் சிலேட்டில் கிறுக்கிச் சத்தம் எழுப்புவேன், வகுக்கிற மாதிரி.

"இன்னிக்கி என்னல இவ்வளவு வேகம்! கை பழகிப்போச்சே உனக்கு" என்று அக்கா அடுக்களையிலிருந்து சொன்னாள். பொரித்த நெத்திலியில் ஒரு கை அள்ளி வந்து என் மடியில் போட்டாள். அதையும் தின்றேன். மத்தியானத்துக்குள் அன்றைய பங்கு முடிந்துவிடும். பிறகு கல் கொட்டும் இடத்துக்கு ஓடிப்போவேன்.

ஒரு விஷயத்தை நான் வளர்ந்த பிறகுதான் புரிந்துகொண்டேன். ஓர் எண் வகுபடும் என்று யாராவது சொன்னால் ஒரே பெருக்கலில் சரிபார்த்துவிடலாம். வகுபடாது என்று சொன்னால், முழு வேலையையும் மறுபடி செய்ய வேண்டும், அல்லது சொன்னவனை நம்ப வேண்டும். அக்கா என்னை நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை சார் வந்தார். அப்பா அவருக்கு நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, காகிதக் கட்டை முன்னால் வைத்தார். அக்கா நண்டுக் கதையைச் சொல்லவில்லை. முறையாகப் பேசினாள். எட்டு இலக்கம், ஒவ்வொன்றாக நீக்கினாலும் பகா எண், எல்லா வகுத்தலும் இதில் இருக்கிறது என்றாள். சார் புருவத்தைத் தூக்கினார்.

"எல்லாத்தயுமா வகுத்தே?"

"ஆமா சார்."

"இவ்வளவையும் நான் எப்பப் பாக்க?"

அப்பா சொன்னார்: "சார், பங்கு வச்சது அவ. நீங்க எடுங்க. எது வேணும்னாலும் எடுத்துப் பாருங்க."

சார் காகிதத்தில் விரலை ஓட்டினார். "ஏழாயிரத்து ஒண்ணு. வகுக்கச் சுளுவு" என்று என் சிலேட்டையே கேட்டு வாங்கினார். வகுத்தார். ஈவு 10,561. மீதி 1,572. காகிதத்தில் 618 என்று இருந்தது.

அக்கா குனிந்து பார்த்தாள். தானும் விரலால் தரையில் வகுத்தாள். அவளுக்கும் 1,572 வந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

"இன்னொண்ணு பாப்போம்" என்றார் சார். 8009. ஈவு 9,232, மீதி 45. காகிதத்தில் 3,340.

"ஒண்ணு தப்புன்னா கவனக்கொறவு. ரெண்டும் தப்புன்னா என்ன சொல்ல? அண்ணாச்சி, இது வகுத்து எழுதுனது இல்ல. வாய்க்கு வந்தத எழுதுனது. தலை இருக்கு பிள்ளைக்கி. நேர்மை இல்ல. கணக்குக்கு ரெண்டும் வேணும்."

இரண்டு எண்களுமே என் பங்கு. காகிதத்தில் இருந்தது அவள் கையெழுத்து. அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். நான் தூணைப் பார்த்தேன்.

"என் தப்புதான் சார். நான் மாத்தி எழுதியிருக்கேன்" என்றாள்.

என்னைக் காப்பாற்றுகிறாள் என்று நினைத்தேன். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

இன்று பார்க்கும்போது சாரும் சரியாகப் பார்க்கவில்லை என்று தெரிகிறது. அக்கா தானே செய்த பாதியில் ஒன்றைக்கூட அவர் எடுக்கவில்லை. பழைய மீதியிலிருந்து புது மீதியைப் பெறும் அவளுடைய வழியைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. இரண்டு மீதிகள் தப்பு என்பதால் எண் வகுபட்டுவிடாது என்பதும் அவருக்குத் தோன்றவில்லை. அப்பாவோ, சார் சொல்லி முடித்ததும் பெருமூச்சு விட்டார். வருத்தமா ஆறுதலா என்று அப்போது தெரியவில்லை. ஆறுமுகநேரிக்காரர்களுக்கு அவர் அரைகுறையாக வாக்குக் கொடுத்துவிட்டிருந்தார் என்று பின்னாளில் அம்மா சொன்னாள். அதனால் நான் பேசியிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது ஒட்டவில்லை.

பழுப்புக் காகிதத்தை அப்பா சுருட்டிக் கடைக்கு எடுத்துப்போனார். கீல் மடித்துக் கொடுக்கப் பயன்பட்டது. எந்தெந்தத் தோணிக்குப் போனதோ. சிலேட்டை நானே ஒருநாள் கல்லில் போட்டு உடைத்தேன். தேர்வு முடிவு வந்தபோது கணக்கில் அக்காவுக்குத்தான் பள்ளியில் முதல் மதிப்பெண். அம்மா பாயசம் வைத்தாள். தை மாதம் கல்யாணம் நடந்தது.

நான் படித்தேன். கணக்கையே படித்தேன். அந்தக் கற்களின்மேல் எழுந்த வ.உ.சி. துறைமுகத்திலேயே கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, முத்தையாபுரத்தில் வீடு கட்டி இருக்கிறேன். அக்காவோடு நல்ல உறவு. பொங்கல் சீர், பிள்ளைகள் கல்யாணம், மச்சானின் இறப்பு, எல்லாவற்றுக்கும் போனேன். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இருவரும் பேசியதில்லை. அவள் பெருந்தன்மை அது என்று நினைத்திருந்தேன்.

7,39,39,133 எனக்கு மனப்பாடம். ஆனாலும் அது பகா எண்தானா என்று நான் சோதித்ததே இல்லை. வகுபடும் என்றால் அவள் தோற்றிருப்பாள், நான் கொஞ்சம் தப்பிப்பேன். வகுபடாது என்றால் அவள் சொன்னது அத்தனையும் உண்மை. இரண்டுக்கும் பயந்தேன். போன வருடம் மகன் வீட்டுக் கணினியில், யாரும் இல்லாத நேரம், எட்டு இலக்கத்தையும் தட்டினேன். கண் சிமிட்டும் நேரத்தில் சொல்லிவிட்டது, பகா எண். அதோடு விடவில்லை. இப்படி வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போகக்கூடிய பகா எண்களில் இதைவிடப் பெரியது கிடையாதாம். இதற்குப் பின்னால் 1 போட்டாலும் 7 போட்டாலும் மூன்றால் வகுபடும். 3-ம் 9-ம் கூட உதவாது. நண்டு அங்கே முடிந்துவிடுகிறது.

எங்கள் வீட்டுத் தரையில் குப்புறப் படுத்து ஒரு பெண் அந்தக் கடைசி எல்லைக்கே போயிருந்தாள்.

விடை தெரிந்துவிட்டது. ஆனால் நான் அவளுக்குத் தராமல் விட்டது விடையை அல்ல, வேலையை. ஆகவே உட்கார்ந்தேன். என் பங்கை, ஐயாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட பகா எண்கள் அத்தனையாலும், கையால், காகிதத்தில் வகுத்தேன். கால்குலேட்டரைத் தொடவில்லை. காலை நடையை முடித்துவிட்டு மொட்டைமாடிப் படி நிழலில் உட்கார்ந்தால் மத்தியானம் வரை ஓடும். கண்புரை அறுவை செய்த கண்ணுக்கு இலக்கங்கள் அலையும். தப்பு வந்தால் அடித்துவிட்டு மறுபடி. "இந்த வயசுல என்னத்த இப்படிப் போட்டு எழுதுதீய?" என்று மனைவி கேட்டாள். அவளுக்குத்தான் முதலில் சொன்னேன். அவள் மின்விசிறியை இழுத்து என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

கடைசியில் நின்றது 8597. மீதி 4,933. பேனாவை மூடியபோது அழுகை வரவில்லை, பசிதான் வந்தது.

மறுநாளே பஸ் ஏறினேன். ஆத்தூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் தாண்டி ஆறுமுகநேரி. அக்கா பின்வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் மருமகள் பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"ஏலே, போன் போடாம வந்து நிக்க? ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

உட்காராமலே சொல்லிவிட்டேன். மேல் பங்கை நான் வகுக்கவில்லை, சொன்னதெல்லாம் தோணி நம்பர், கல் கொட்டுவதைப் பார்க்க ஓடினேன், நீ என்னைக் காப்பாற்றினாய், நான் பேசாமல் நின்றேன். எல்லாம் ஒரே மூச்சில்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் உன்னையக் காப்பாத்துனனா?"

"நீ மாத்தி எழுதிட்டேன்னு சொன்னியேக்கா."

"மாத்தி எழுதிட்டேன்னுதாம்ல நெனச்சேன்! அடுப்புல நின்னுக்கிட்டே காதுல வாங்கி எழுதுனதுலா. நீ ஒழுங்காத்தான் சொல்லியிருப்பே, எனக்குத்தான் புத்தி மாறிப்போச்சுன்னு…"

மருமகள்தான் மெல்லச் சொன்னாள்: "மாமா, அத்தை எதை எழுதுனாலும் என்னைய ஒருக்கா பாக்கச் சொல்லுவாவ. மருந்துச் சீட்டு, கரண்டு பில்லு, போன் நம்பரு. நான் பாத்துச் சரின்னு சொன்னாத்தான் போன் போடுவாவ. பிள்ளைய கணக்கு கேட்டு வந்தா, எனக்குத் தப்பா வரும், வேற ஆளக் கேளுன்னு விரட்டிருவாவ. நாங்க ஏதோ பழக்கம்னு…"

நான் கெடுத்தது ஒரு கல்லூரிப் படிப்பை என்று அறுபது வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா எழுந்து போய்க் கையைக் கழுவினாள். வந்து என் காகிதக் கட்டை வாங்கினாள். நேராக 8009-ஐத் தேடி விரலை வைத்தாள். உதடு அசைந்தது. மருமகளைப் பார்க்கவில்லை.

"ஒம்பதாயிரத்து எரநூத்தி முப்பத்திரெண்டு தரம். மீதி நாப்பத்தஞ்சு" என்றாள். "சரிதான்."

"அந்த எண்ணு பகா எண்ணுதான்க்கா. அதுக்கு மேல அப்படி ஒண்ணு இல்லவே இல்லையாம்."

அவள் காகிதக் கட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கி நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அப்பா உன் தோல உரிச்சிருப்பாரு. என்னைய அனுப்பியிருப்பாரான்னு தெரியாது. ஆனா நான் என்னைய நம்பியிருப்பேம்லா, பாவி."

சாப்பிட்டுப் போ என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டு வழக்கத்தில் அதற்கு மேல் ஒரு தண்டனை கிடையாது. மருமகள்தான் வாசல் வரை வந்தாள். பஸ்ஸில் வரும்போது, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டோம் என்று தோன்றியது. அவள் திட்டியது நியாயமான அளவில் இருந்தது. இத்தனை நாள் அவள் காட்டிய அன்பைத்தான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

பிறகு ஒரு தகவலும் இல்லை. ஆடி பிறந்தது, காற்று அடித்தது. நானும் போன் செய்யவில்லை. செய்தால் மன்னிப்பை அவசரப்படுத்துவது போலிருக்கும்.

ஒரு காலை போன் அடித்தது. எடுத்தேன்.

"ஏலே, நாந்தான்."

பின்னால் மருமகள் குரலுக்காகக் காத்தேன். வரவில்லை. கடைத்தெரு இரைச்சல் மட்டும் கேட்டது.

"நீயே போட்டியாக்கா?"

"பின்ன? பத்து எண்ணு, அத அழுத்தத் தெரியாதா? நான் சொல்லுதத எழுதிக்க. அஞ்சுல ஆரம்பிச்சேன். அம்பத்தொம்பது. ஐந்நூத்தித் தொண்ணூத்தி மூணு. இப்ப எட்டு எண்ணுக்கு வந்துருக்கு. அஞ்சு ஒம்பது மூணு ஒம்பது, மூணு மூணு மூணு ஒம்பது. இதுவும் ஒடிக்க ஒடிக்க நிக்கும்னு தோணுது. ஐயாயிரம் வரைக்கும் நான் வகுத்துட்டேன். அதுக்கு மேல உள்ளத நீ வகு. மீதியோட ஈவும் எழுதணும், கேட்டியா?"

"எழுதுதேன்க்கா." எண்ணைக் குறித்துக்கொண்டேன். "என்னைய நம்பித் தாரியே."

"யாரு உன்னைய நம்புனா?" என்றாள் அக்கா. சிரிக்கிறாள் என்று குரலில் தெரிந்தது. "நீ வகுத்து அனுப்பு. ஒண்ணு விடாம நான் பாப்பேன்."

போனை வைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்தேன். மாடிப் படியில் நிழல் வந்துவிட்டிருந்தது. இந்த முறை ஒவ்வொன்றையும் என் அக்கா பார்க்கப்போகிறாள். அவள் பார்த்தால் தப்பு தங்காது.